விற்றமின் டி, மனநிலை, உறக்கம்: வெயில் செய்யும் இரண்டு வேலைகள்

இரவில் உறக்கமில்லை, விடிந்தாலும் உடம்பு பாரமாகக் கிடக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "விற்றமின் டி பார்த்தீங்களா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேள்வி நியாயமானதுதான். வெயில் கொளுத்தும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திலும் விற்றமின் டி குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியோடு சேர்ந்து வரும் இரண்டு யோசனைகள்தான் ஆட்களைப் பிழையான வழியில் அனுப்புகின்றன. "காலையில இளவெயில்ல நில்லுங்க, விற்றமின் டி கிடைக்கும்" என்பது ஒன்று. "குளிசை போட்டால் மனம் தெளியும், நித்திரை வரும்" என்பது மற்றது.

வெயில் நம் உடம்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று தோலில் நடக்கிறது. அங்கேதான் விற்றமின் டி உருவாகிறது. மற்றது கண்ணில் நடக்கிறது. எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்று மூளை கணக்கு வைத்துக்கொள்வது அந்த வழியில். இரண்டுக்கும் வேண்டிய ஒளி வேறு, நேரமும் வேறு. காலை வெயில் கண்ணின் வேலையை அருமையாகச் செய்யும், தோலின் வேலையை ஏறக்குறைய செய்யாது. குளிசை தோலின் வேலைக்கு ஈடாகும், கண்ணின் வேலைக்கு ஈடாகாது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால், விற்றமின் டி பற்றிக் கேள்விப்படும் மற்ற எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தோலில் நடப்பது

தோலின் உயிருள்ள படைகளில் 7-டீஹைட்ரோகொலஸ்ரரோல் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளம் கொண்ட கழியூதா பி கதிர் அதில் பட்டால், அது முன் விற்றமினாக மாறும். பிறகு உடம்புச் சூட்டிலேயே மெல்ல மெல்ல விற்றமின் டி3 ஆகும். அது இரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய் 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி என்ற சேமிப்பு வடிவத்தை எடுக்கிறது. அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போனபின்தான் வேலை செய்யக்கூடிய கல்சிற்றியோல் ஆகிறது. இரத்தப் பரிசோதனையில் அளப்பது நடுவில் உள்ள அந்தச் சேமிப்பு வடிவத்தை. அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 2, 3 கிழமை பிடிக்கும். அதனால் ஒரு நாள் மழையோ ஒரு நாள் வெயிலோ கணக்கைப் பெரிதாக மாற்றாது. மாரி முழுவதும் வீட்டுக்குள் இருப்பது மாற்றும்.

கழியூதா பி கதிருக்கு வழிமறிப்புகள் அதிகம். சாதாரண யன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். ஆகவே பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து வெயில் காய்ந்தாலும், கந்தோர் மேசையில் வெயில் விழுந்தாலும் விற்றமின் டி கிடையாது. கறுப்புத் துணி தடுக்கும். தடித்த மேகம் அரைவாசிக்கு மேல் குறைத்துவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய வழிமறிப்பு வளிமண்டலமே. சூரியன் தாழ்ந்து நிற்கும்போது கதிர் சாய்வாக, நீண்ட தூரம் காற்றுக்குள்ளால் வருகிறது. வழியிலேயே ஓசோன் படை அதை உறிஞ்சிவிடுகிறது. காலை 6.30 மணிக்குக் கல்லடிக் கடற்கரையில் நின்றால் வெளிச்சம் நிறையக் கிடைக்கும். கழியூதா பி கிடைக்காது.

இதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது: நிலத்தில் விழும் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் தோல் விற்றமின் டி செய்யும், நீளமாக இருந்தால் செய்வது மிகச் சொற்பம். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில், பங்குனி மாதத்தில் காலை 9.15 அளவிலிருந்து பிற்பகல் 3.10 வரை நிழல் குட்டையாக இருக்கும். மார்கழியில் அந்த நேரம் 9.45 இலிருந்து 2.10 வரை சுருங்கிவிடும். அம்பாறை, பொத்துவில் பக்கமும் இதே கணக்குத்தான், சில நிமிட வித்தியாசம் இருக்கலாம்.

கண்ணில் நடப்பது

விழித்திரையில் பார்ப்பதற்கான கலங்கள் மட்டும் இல்லை. மெலனொப்சின் என்ற நிறப்பொருள் கொண்ட இன்னொரு வகைக் கலமும் இருக்கிறது. 480 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளிக்கு அது கூடுதலாக விழித்துக்கொள்கிறது. வெளியில் வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. காலையில் பலமான வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னுக்கு நகர்கிறது. அன்றிரவு உறக்கம் நேரத்துக்கு வருகிறது. இரவில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. உறக்கத்துக்கு முன் சுரக்கத் தொடங்கும் மெலற்றோனின் அடங்கிவிடுகிறது.

இதில் விற்றமின் டிக்குப் பங்கில்லை. உங்கள் உறவினர் யாராவது நோர்வேயிலோ கனடாவிலோ இருந்தால், பனிக்காலத்தில் வரும் மனச்சோர்வுக்கு ஒளிப்பெட்டி முன்னால் இருப்பதைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் காலையில் அரை மணி நேரம் இருப்பது அந்தச் சிகிச்சை. அந்தப் பெட்டிகளில் கழியூதாக் கதிரை வடிகட்டிவிடுவார்கள். ஆகவே அதனால் விற்றமின் டி துளியும் உருவாகாது. ஆனாலும் பலருக்கு மனம் தெளிகிறது. வெளிச்சம் கண் வழியாகவே மனநிலையைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த நாடுகளில் பனிக்காலத்தில் நண்பகலிலும் நிழல் நீளமாகவே இருக்கும். மாதக்கணக்கில் தோல் விற்றமின் டி செய்யாது. அதனால்தான் பிரித்தானியாவில் இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது 400 ஐ.யு. (சர்வதேச அலகு) எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி அரசே சொல்கிறது. அங்கிருந்து வட்ஸ்அப்பில் வரும் அறிவுரை அங்குள்ள வானத்துக்கு ஏற்றது. இங்கே உள்ள சிக்கல் வேறு.

வெயில் நிறைந்த ஊரில் குறைவது எப்படி

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயில் படும் தோலுக்குத்தான் பஞ்சம். வயலில் நாற்று நடுபவருக்கும், வாவியில் வலை வீசுபவருக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் பொதுவாக இந்தக் கவலை வேண்டாம். குறைவது வேறு ஆட்களுக்கு. காலையில் வங்கிக்கோ கந்தோருக்கோ போய் மாலையில் திரும்புகிறவர், பாடசாலை முடிந்து நேரே ரியூசனுக்குப் போகும் உயர்தர மாணவர், தையல் மெசினோடு அறைக்குள் நாளைக் கழிக்கும் பெண், முழங்கால் வலியால் வாசற்படி தாண்டாத மூத்தவர் ஆகியோருக்கு. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, நிந்தவூர் போன்ற ஊர்களில் முழுதாக உடல் மறைத்து வெளியே போகும் பெண்களுக்கு, நாள் முழுக்க வெளியில் அலைந்தாலும் தோலில் படுவது மிகச் சிறிது. சேலையும் நீளக் கைச் சட்டையும் குடையுமாகப் போகிறவருக்கும் அதே நிலைதான்.

இவற்றோடு சில உடற் காரணங்களும் சேர்கின்றன. கறுத்த தோலில் உள்ள மெலனின் இயற்கையான குடை; அது தோலைக் காக்கும், ஆனால் அதே அளவு விற்றமின் டி செய்ய வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். வயது கூடக்கூடத் தோலில் மூலப்பொருள் குறைகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு விற்றமின் கொழுப்பிலேயே தங்கிவிடுவதால் இரத்தத்தில் அளவு தாழ்ந்து நிற்கும். வலிப்புக்கான பெனிற்றொயின், காபமசெப்பின், காசநோய்க்கான றிபாம்பிசின் ஆகிய மருந்துகள் விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கும். தாய்ப்பாலில் விற்றமின் டி மிகக் குறைவு என்பதால், தாய்க்குக் குறைந்திருந்தால் பிள்ளைக்கும் குறையும்.

பருவமும் கைகொடுப்பதில்லை. ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரை வாடையோடு மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது நடுப்பகலில் யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை. நிழல் குட்டையாக இருக்கும் மணித்தியாலங்கள் ஒரு பருவத்தில் மழையாலும் இன்னொன்றில் அனலாலும் கைநழுவிப் போகின்றன.

மனநிலைக்கு உண்மையில் என்ன தொடர்பு

தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ண நல்ல காரணங்கள் உண்டு. விற்றமின் டி பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையின் பல பகுதிகளில் இருக்கின்றன; அதைச் செயல் வடிவமாக மாற்றும் நொதியமும் மூளைக்குள்ளேயே இருக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள மூளை இரசாயனமான செரற்றோனின் உருவாகத் தேவைப்படும் நொதியத்தின் மரபணுவை விற்றமின் டி தூண்டுகிறது என்று ஆய்வுகூடச் சான்றுகள் காட்டுகின்றன. செரற்றோனின்தான் பின்னர் மெலற்றோனின் ஆகிறது. ஆகவே இந்தச் சங்கிலியில் மனநிலையும் உறக்கமும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. ஆட்களை அளந்து பார்த்த ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போயின. 2013ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விற்றமின் டி குறைந்தவர்களிடம் மனச்சோர்வு ஓரளவு கூடுதலாக இருந்தது.

ஆனால் சேர்ந்து இருப்பது ஒன்று, ஒன்றால் மற்றது வருவது வேறு. மனம் சோர்ந்தவர் வெளியே போகமாட்டார். நடக்கமாட்டார். சரியாகச் சாப்பிடமாட்டார். அப்படியானால் விற்றமின் டி குறைவது சோர்வின் விளைவாகவும் இருக்கலாம் அல்லவா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரு பகுதியினருக்கு உண்மைக் குளிசையும் மறுபகுதியினருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்ப்பது. அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 18,353 பேர், நாளுக்கு 2,000 ஐ.யு., ஐந்து ஆண்டுக்கு மேல். 2020இல் முடிவு வெளியானது. மனச்சோர்வு வந்தவர்களின் எண்ணிக்கையிலும், மனநிலைப் புள்ளிகளிலும் இரு பகுதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதை வைத்து விற்றமின் டி வீண் என்று சொல்வதும் பிழை. அந்த ஆய்வில் இருந்த பலருக்குத் தொடக்கத்தில் குறைபாடே இல்லை. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிப் பார்த்தது போன்றது அது. குறைபாடும் மனச்சோர்வும் சேர்ந்து உள்ளவர்களுக்கு, வழமையான சிகிச்சையோடு சேர்த்து விற்றமின் டி கொடுத்த சிறிய ஆய்வுகளில் சிலவற்றில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எங்கள் கணிப்பு இதுதான்: குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும், எலும்புக்கும் தசைக்கும் அது கட்டாயம், மனதுக்கும் சிறு உதவி கிடைக்கலாம். போதுமான அளவு உள்ளவர் மனநிலைக்காக மேலும் எடுத்தால் பயன் எதிர்பார்க்க இடமில்லை.

உறக்கத்தைத் தொடும் வழிகள்

குறைபாடு கடுமையானால் எலும்புகள் மென்மையாகும். இடுப்பிலும் தொடையிலும் முதுகிலும் மந்தமான வலி, படியேறும்போதும் நிலத்திலிருந்து எழும்பும்போதும் தசைத் தளர்ச்சி, அழுத்தினால் முன்னங்கால் எலும்பில் நோவு. இந்த வலியோடு படுத்தவர் இரவில் பலமுறை புரண்டு விழிப்பார். மறுநாள் அலுப்பும் எரிச்சலும் வரும். அப்படியானவருக்கு விற்றமின் டியை நிரப்பினால் வலி குறையும். வலி குறைந்தால் உறக்கம் வரும். இது நேரான, விளங்கக்கூடிய வழி.

குறைபாடு உள்ளவர்களிடம் உறக்கக் கோளாறுகள் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இங்கேயும் அதே எச்சரிக்கை வேண்டும். உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் உடல் பருமனோடு வருவது. விற்றமின் டி குறைவதும் பருமனோடு வருவது. இரண்டையும் ஒன்றாகக் கண்டவர் ஒன்றால் மற்றது வந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவருக்குக் குளிசையால் தீர்வில்லை. அவர் வைத்தியரிடம் அதற்கென்றே போகவேண்டும்.

பரிசோதனை

எல்லோரும் அளந்து பார்க்கத் தேவையில்லை. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி உள்ளவர்கள், எலும்பு எளிதில் முறிந்தவர்கள், மேலே சொன்ன மருந்துகளை எடுப்பவர்கள், ஈரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், குடல் உறிஞ்சல் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்யலாம்.

கேட்க வேண்டியது 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி. 1,25-டைஹைட்ரொக்சி என்ற இன்னொரு பரிசோதனையும் உண்டு. குறைபாட்டைக் காண அது உதவாது. சேமிப்பு வற்றிய நிலையிலும் அது சாதாரணமாகவோ கூடியோ இருக்கலாம். முடிவைப் படிக்கும்போது முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராமில் தரும், சில லீற்றருக்கு நனோமோலில் தரும். மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது லீற்றருக்கு 2.5 நனோமோல். ஆகவே "30" என்ற ஒரே எண், ஓர் அலகில் தாராளமான அளவு, மற்ற அலகில் குறைபாட்டின் எல்லை. நனோகிராம் கணக்கில் 12க்குக் கீழ் என்றால் குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20க்கு மேல் பெரும்பாலோருக்குப் போதும். பல அறிக்கைகளில் 30க்குக் கீழ் எல்லாவற்றையும் "குறைவு" என்று அச்சிட்டிருப்பார்கள். 24 என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

உறக்கமின்மைக்கும் அலுப்புக்கும் சோதனை செய்ய இரத்தம் கொடுக்கிறீர்கள் என்றால், விற்றமின் டிக்கு முன்னால் குருதிச்சோகை, தைரொயிட், சீனி ஆகியவற்றைப் பார்ப்பது புத்தி. இவை மூன்றும் நம் மக்களிடையே சாதாரணம், மூன்றும் அலுப்பைத் தரும், மூன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு. பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரவில் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் உளைந்து உறக்கத்தைக் கெடுக்கும் நோய்க்கு இரும்புக் குறைவு ஒரு முக்கிய காரணம்.

வெயிலை எடுத்துக்கொள்ளும் முறை

முகத்தையும் கைவிரல்களையும் மட்டும் காட்டினால் போதாது, பரப்பு சிறிது. முழங்கைக்கு மேல் வரை கைகளும், முழங்கால் வரை கால்களும், முடிந்தால் முதுகும் வெயிலில் படட்டும். நேரம் காலை 10க்கும் 11.30க்கும் இடையில் நல்லது. நிழல் குட்டையாகிவிட்டது, தலை சுற்றும் சூடு இன்னும் வரவில்லை. முதல் நாட்களில் 10 நிமிடம், பிறகு 20 முதல் 30 நிமிடம் வரை, கிழமைக்கு 3 அல்லது 4 நாள். தோல் காந்தத் தொடங்குவதற்கு முன்னரே எழும்பிவிட வேண்டும். கூடுதல் நேரம் இருந்தால் கூடுதலாகக் கிடைக்காது: முன் விற்றமின் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் அதே வெயில் அதை வேலைக்குதவாத வேறு பொருள்களாக மாற்றத் தொடங்கிவிடும். வெயிலால் விற்றமின் டி நஞ்சாகாமல் இருப்பதும் அதனாலேயே. தலைக்குத் தொப்பியோ துவாயோ போடலாம், முகத்தில் வெயில் படவேண்டிய அவசியமில்லை. பிறகு குளித்தால் விற்றமின் கழுவுப்பட்டுப் போகும் என்ற பயம் வேண்டாம். அது தோலின் மேற்பரப்பில் மிதப்பதல்ல.

வெளியே உடல் மறைத்துப் போகும் பெண்களுக்கு, மதிலோ வேலியோ அடைத்த வளவுக்குள் பின்பக்கம் ஒரு கதிரை போட்டு இருப்பது நல்ல வழி. மரக்கறி ஆய்வது, மீன் கழுவுவது போன்ற வேலைகளை அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் மாற்றினால் தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். வளவு இல்லாத வீடு, மாடி இல்லாத தொடர் வீடு என்றால் வெயிலுக்காகத் தவிக்கத் தேவையில்லை. குளிசை அதே வேலையைச் செய்யும். கச்சான் வீசும் மாதங்களில் மூத்தவர்களுக்கு 10 நிமிடமே போதும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தோல் புற்றுநோய், லூப்பஸ் போன்றவை உள்ளவர்களுக்கும், வெயில் பட்டால் தடிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது.

சாப்பாட்டில்

உணவில் விற்றமின் டி உள்ள பொருள்கள் குறைவு. மரக்கறியிலும் பழத்திலும் சோற்றிலும் கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பு மீனில் இருக்கிறது: சூடை, சாளை, கும்பிளா, சூரை. விலை கூடிய பெரிய மீனைத் தேடத் தேவையில்லை. கிழமையில் நாலைந்து நாள் சூடை மீன் ஆணமோ குழம்போ வைக்கும் வீடு இதில் நல்ல நிலையில் இருக்கிறது. நிறைய எண்ணெயில் பொரித்தால் ஒரு பங்கு எண்ணெயோடு போய்விடும். ஆணமாக வைத்தால் வடிந்தது ஆணத்திலேயே இருக்கும். ஒரு முட்டையின் மஞ்சட் கருவில் ஏறத்தாழ 40 ஐ.யு. இருக்கிறது. பால்மாவில் சேர்த்திருந்தால் பெட்டியின் பின்பக்க அட்டவணையில் போட்டிருப்பார்கள். பெரியவருக்கு நாளுக்குத் தேவை 600 ஐ.யு., 70 வயதுக்கு மேல் 800 ஐ.யு. சாப்பாட்டால் மட்டும் அதை எட்டுவது கடினம் என்பது இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும்.

மீனெண்ணெய் பற்றி ஒரு எச்சரிக்கை. கொட் மீன் ஈரல் எண்ணெயில் விற்றமின் டியோடு விற்றமின் ஏயும் நிறைய இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் விற்றமின் ஏ குழந்தையைப் பாதிக்கும். அவர்கள் அதை எடுக்கக் கூடாது.

குளிசை: பிழை நடக்கும் இடங்கள்

அதிக கவனம் வேண்டிய இடம் இதுதான். விற்றமின் டி கொழுப்பில் கரைவது, உடம்பில் தேங்குவது. வெளியேற நாளாகும்.

பாமசியில் "விற்றமின் டி" என்று கேட்டால் மூன்று வேறு பொருள்களில் ஒன்று கையில் வரலாம். கோலிகல்சிபெரோல் என்று எழுதியிருப்பதுதான் நமக்கு வேண்டிய டி3. கல்சியமும் டியும் சேர்ந்த குளிசையில் டியின் அளவு பெரும்பாலும் சிறிது. அதைக் கொண்டு குறைபாட்டை நிரப்பப் பார்த்தால் கல்சியம் அளவுக்கு மீறும். மூன்றாவது அல்பாகல்சிடோல். அது சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை முடித்துக் கொடுக்கும் மருந்து, சிறுநீரக நோயாளிகளுக்கும் சில ஹோர்மோன் நோய்களுக்கும் உரியது. சாதாரணக் குறைபாட்டுக்கு அதை விழுங்கினால் சேமிப்பு ஏறாது, ஆனால் இரத்தத்தில் கல்சியம் விரைவாக ஏறும். வீட்டில் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததை மகள் எடுப்பது இப்படித்தான் ஆபத்தாகிறது.

அடுத்த பிழை 50,000 ஐ.யு. குளிசையில் நடக்கிறது. அது கிழமைக்கு ஒன்று, பெரும்பாலும் 8 கிழமைக்கு மட்டும் எழுதுவது. மற்ற மருந்துகளோடு சேர்த்து நாளுக்கு ஒன்றாகப் போட்டால் ஒரு மாதத்தில் நஞ்சாகும் அளவை எட்டலாம். பக்கெற்றில் "வெள்ளிக்கிழமை மட்டும்" என்பது போல ஒரு நாளின் பெயரை எழுதி வையுங்கள். நஞ்சானால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். அதன் அடையாளங்கள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம். இவை வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஒரேயடியாகப் பெரிய அளவு எடுத்தால் வேகமாகச் சரியாகும் என்பதும் தவறு. அவுஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 500,000 ஐ.யு. கொடுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, குளிசை எடுத்தவர்களே கூடுதலாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே கூடியது.

பரிசோதனை இல்லாமல், வெயில் படாத ஒருவர் தாமாக எடுப்பதென்றால் நாளுக்கு 600 முதல் 1,000 ஐ.யு. போதும். 4,000க்கு மேல் வைத்தியர் சொல்லாமல் போகக் கூடாது. பெட்டியில் மைக்கிரோகிராம் என்று இருந்தால் 40ஆல் பெருக்குங்கள். 25 மைக்கிரோகிராம் என்பது 1,000 ஐ.யு. வெறும் வயிற்றிலோ வெறும் தேத்தண்ணியோடோ எடுக்காமல், தேங்காய்ப்பாலோ மீனோ முட்டையோ உள்ள சாப்பாட்டோடு எடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பின் சாப்பிடும் சாப்பாட்டோடு எடுக்கலாம். தாழ்ந்த நிலையில் உள்ளவருக்கு நாளுக்கு 1,000 ஐ.யு. ஏறத்தாழ 3 மாதத்தில் 10 நனோகிராம் அளவு உயர்த்தும். அதற்கு முன் மீண்டும் இரத்தம் கொடுத்தால் காசுதான் செலவு. சிறுநீரகக் கல் வந்தவர்கள், காசநோய் உள்ளவர்கள், தையசைட் வகை பிரஷர் குளிசை அல்லது டிஜொக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 ஐ.யு. துளி மருந்தாகக் கொடுப்பது உலகின் பல நாடுகளில் உள்ள வழக்கம். இங்கே உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ கேட்டபின் கொடுங்கள்.

உறக்கத்துக்குக் காலை வெளிச்சம்

இப்போது அந்த இளவெயிலுக்கு வருவோம். அதற்கு உரிய பெருமை உறக்கத்தில் இருக்கிறது. எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் கூரைக்கு வெளியே இருங்கள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, திறந்த வானத்தின் கீழ் இருந்தால் போதும். வாவிக்கரையில் நடக்கலாம், முற்றம் கூட்டலாம், வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். மாரி மேகத்திலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் உண்டு. வீட்டுக்குள் மின்விளக்கில் சில நூறு லக்ஸ்கூடத் தேறாது. எனவே மழைக்காலத்தில் விறாந்தையில் இருந்தாலும் பயன் உண்டு. சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர் இருட்டிலேயே வீடு திரும்பிப் படுத்துவிட்டால் கடிகாரத்துக்குச் செய்தி போகாது. 6 மணியை ஒட்டி வெளுத்த பின் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவது நல்லது.

எழும்பும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றாதீர்கள். உறங்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும்பும் நேரத்தை முடியும், அதுதான் பிடி. படுப்பதற்கு 2 மணித்தியாலம் முன் பெரிய வெள்ளை விளக்கை அணைத்து மங்கல் விளக்கைப் போடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். தேத்தண்ணியில் உள்ள கபீனின் பாதி வெளியேற 5 மணித்தியாலம் அளவு வேண்டும் என்பதால் பின்னேரம் 4க்குப் பிறகு வேண்டாம். பகல் உறக்கம் 20 நிமிடத்தோடு நிற்கட்டும். இரவு முழுதும் கடலிலோ வைத்தியசாலையிலோ வேலை செய்து காலையில் படுப்பவருக்கு இதே விதி தலைகீழ்: வேலை தொடங்கும்போது நல்ல வெளிச்சம், வீடு திரும்பும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், படுக்கும் அறையில் தடித்த திரை. மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறவர் கண் சொக்கும் நிலையில் இருந்தால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், உயிர் முதலில். இந்த முறையைப் பத்து, பதினைந்து நாள் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

குளிசைக்கு அடங்காத துயரம்

போரும் 2004 சுனாமியும் கடந்து வந்த மாவட்டங்கள் இவை. கடன், வெளிநாடு போன கணவன், காணாமற்போன பிள்ளை, பரீட்சைப் பயம் என்று உறக்கத்தைத் தின்னும் காரணங்கள் இங்கே ஏராளம். இவற்றை இரத்தத்தில் உள்ள ஓர் எண்ணாகச் சுருக்கினால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்கிறோம். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடந்தால், முன்பு விரும்பியதில் விருப்பம் இல்லாமற்போனால், விடியப்புறம் 3 மணிக்கே விழித்து மீண்டும் உறங்க முடியாவிட்டால், சாப்பாடு மாறினால், அது சிகிச்சை உள்ள நோய். மாவட்டத்தின் பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மனச்சோர்வுக்கு எழுதிய மருந்து வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை எடுக்கும். அந்த இடைவெளியில் யாராவது விற்றமின் டி பற்றிச் சொல்ல, பழைய மருந்தை விட்டுவிட்டு அதற்கு மாறுகிறவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம், ஒன்றுக்காக மற்றதை நிறுத்தக் கூடாது. கிளினிக் போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசைப் பக்கெற்றுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள்.